பினாங்குத் தைப்பூசப் பயணம்: ஆறு பேருக்கு நான்கு லட்ச ரூபாய் போதுமா?

பள்ளத்தூர் மகள், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். 2027ஆம் ஆண்டுத் தைப்பூசத்துக்கு என் பெற்றோரைப் பினாங்குக்கு அழைத்துச் செல்வதென்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். அப்பச்சிக்கு 74 வயது. முழங்கால் வலி உண்டு, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஆத்தாவுக்கு 69. எங்கள் பிள்ளைகளுக்கு 13, 8. ஆக ஆறு பேர், ஏழு இரவுகள்: முதலில் கோலாலம்பூரில் இரண்டு, பிறகு பினாங்கில் நான்கு, திரும்பும் வழியில் மறுபடியும் கோலாலம்பூரில் ஒன்று.

அப்பச்சியைப் பெற்ற ஐயா, பினாங்கு வீதிக் கிட்டங்கியில் (நம்மவர் வட்டிக்கடைகள் சேர்ந்திருந்த கூடத்தில்) பெட்டியடி, அதாவது கணக்குப் பெட்டி வைத்துத் தொழில் செய்தவர். அங்கே எழுதிய பேரேடுகள் இன்றும் பள்ளத்தூர் வீட்டு இரண்டாங்கட்டில், ஓர் அறையில் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. அப்பச்சி அவற்றை அவ்வப்போது எடுத்துப் புரட்டுவார்; ஆனால் அந்த ஊரில் அவர் கால் பட்டதில்லை. தைப்பூசத்தில் முருகன் எழுந்தருளும் வெள்ளி இரதம் பினாங்கு வீதியிலிருந்து புறப்படுவதை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்.

எங்களிடம் இதற்கென்று இருப்பது நான்கு லட்ச ரூபாய். ஒரு சுற்றுலா நிறுவனத்தில் கேட்டபோது, தலைக்கு 78,000 ரூபாய், எல்லாம் அதற்குள் அடக்கம் என்று சொன்னார்கள். ஆறு பேருக்கு 4,68,000 ஆகிறது. அவர்கள் கொடுத்த தாளில் ஆளுக்கு 4,000 ரூபாய் விசாக் கட்டணம் என்று ஒரு வரியும், "இதர செலவுகள்" என்று விளக்கமில்லாத இன்னொரு வரியும் இருக்கின்றன. மதிய உணவைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை. நாங்களே ஏற்பாடு செய்துகொண்டால் நான்கு லட்சத்துக்குள் முடியுமா, முடியுமானால் எதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பாதிச் செலவை நான்தான் தருவேன் என்று அப்பச்சி பிடிவாதமாக இருக்கிறார். அதற்காக வங்கியில் உள்ள நிரந்தர வைப்பை முடிக்கப் போவதாகவும் சொல்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்றும் தெரியவில்லை.

தேவகோட்டைக் கணக்கர்

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். நான் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் இத்தகைய கணக்கை அடிக்கடி போட நேர்கிறது. உங்கள் கேள்விக்கு நேரான பதில், முடியும் என்பதே. ஆனால் மொத்தத் தொகையை ஆறால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று பார்க்கும் முறையை முதலில் விட்டுவிடுங்கள். சுற்றுலா நிறுவனம் அப்படிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அவர்களுக்கு எல்லாத் தலையும் ஒன்று. உங்கள் குடும்பத்தில் 74 வயதுக்காரரின் காலும் எட்டு வயதுப் பிள்ளையின் காலும் ஒன்றாக நடக்கப் போவதில்லை. அப்பச்சியால் ஒரு நாளில் எவ்வளவு அலைய முடியும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து விடுதி, வண்டி, ஓய்வு ஆகியவற்றின் செலவைப் போடுங்கள். மற்றவர்களின் செலவு அதற்குள் தானாக அமைந்துவிடும்.

கணக்கை இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே ரூபாயில் கொடுத்து முடிப்பவை ஒரு பக்கம். அங்கே போய் ரிங்கிட்டில் செலவழிப்பவை மறு பக்கம். இரண்டாவது பக்கத்தை ரிங்கிட்டிலேயே எழுதிக் கூட்டி, கடைசியில் ஒரே தடவை ரூபாயாக மாற்றுங்கள். ஒவ்வொரு வரியையும் தனித்தனியே மாற்றினால், மாற்று விலை ஏறும்போது எந்த வரி எவ்வளவு கூடியது என்பது பிடிபடாமல் போய்விடும். மாற்றுக் கடையில் அன்று சொல்லும் விலையைவிட ஒரு ரூபாயாவது கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. நான் கீழே 24 ரூபாய் என்று வைத்திருக்கிறேன்.

ரூபாய்ப் பக்கத்தில் பெரிய வரி விமானச் சீட்டு. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பது நம் வட்டாரத்துக்குக் கிடைத்த பெரிய வசதி. பூச வாரத்தில் விலை கூடுதலாகவே இருக்கும் என்பதால், போகவர, பெட்டிக்கான கட்டணமும் சேர்த்து ஆளுக்கு 22,000 ரூபாய் என்று ஆறு பேருக்கு 1,32,000 போடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாதிச் சீட்டு என்று எண்ணிவிடாதீர்கள். குறைந்த கட்டண விமானங்களில் இரண்டு வயது நிறைந்தாலே பெரும்பாலும் முழுச் சீட்டு விலைதான். அந்த விமானங்களில் கையில் கொண்டுபோகும் பைக்குத்தான் சீட்டு விலையில் அனுமதி உண்டு; ஏற்றிவிடும் பெட்டிக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். அதைச் சீட்டு எடுக்கும்போதே கட்டினால் ஒரு விலை, விமான நிலையத்தில் கட்டினால் அதைவிடப் பல மடங்கு. ஆறு பேருக்கு ஆறு பெட்டி வேண்டியதில்லை. மூன்று பெட்டிக்குக் கட்டினால் போதும்.

அடுத்தது பயணக் காப்பீடு. பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் சில நூறு ரூபாயில் முடியும். எழுபதைக் கடந்தவருக்குக் கட்டணம் பல மடங்காகும். அப்பச்சிக்கு எடுக்கும்போது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோயால் திடீரென்று ஆபத்து நேர்ந்தால் எவ்வளவு வரை கொடுப்பார்கள், முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு போக வேண்டும் என்ற இரண்டு விதிகளையும் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். எதைக் குறைத்தாலும் இந்த ஒன்றில் குறைக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஆறு பேருக்கும் சேர்த்து 10,000 ஒதுக்கினேன். காரைக்குடியிலிருந்து திருச்சிக்குப் பெரிய வண்டியில் போகவர 8,000. ரூபாய்ப் பக்கம் 1,50,000 ஆயிற்று.

ரிங்கிட் பக்கத்துக்கு வருவோம். இரண்டு அறைகள், அறைக்கு ஓர் இரவுக்கு 220 ரிங்கிட் வீதம் ஏழு இரவுக்கு 3,080. இதற்கு மேல், வெளிநாட்டுப் பயணிகளிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி என்று 2017 முதல் வாங்குகிறார்கள். இணையத்தில் முழுப் பணமும் கட்டியிருந்தாலும் இது பெரும்பாலும் விடுதி மேசையில்தான் கேட்கப்படும். அது 140. சாப்பாடு நாளுக்கு 180 வீதம் எட்டு நாளுக்கு 1,440. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு (பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள இரயில் நிலையம்) இரயிலில் போகவர 900. உள்ளூர் வண்டிக்கு நாளுக்கு 100 வீதம் 800. நுழைவுச் சீட்டுகளுக்கு 500. கோவில், உறவினர், வாங்கும் பொருள்களுக்கு 600. கூட்டினால் 7,460 வரும். எதிர்பாராதவற்றுக்கு 1,140 சேர்த்து 8,600 ரிங்கிட் என்று முழுமையாக்கினேன். 24 ரூபாய் வீதம் 2,06,400.

இரு பக்கமும் சேர்ந்து 3,56,400. உங்கள் நான்கு லட்சத்தில் 43,600 மீதமிருக்கிறது. அந்த மீதத்தைக் கூடுதல் ஊர் பார்ப்பதற்கு என்று எண்ணாமல் வங்கியிலேயே விட்டு வையுங்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதற்கு முன் மருத்துவமனை முன்பணம் கேட்டால் எடுத்துக் கொடுக்க அதுதான் இருக்கும்.

விசாவைப் பற்றி. மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை தங்க விசா விலக்கு கொடுத்திருக்கிறது. அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விலக்கு இருக்கும் காலத்தில் விசாக் கட்டணம் என்று ஒரு காசு கூட யாரும் வாங்கக் கூடாது. ஆனால் உங்கள் பயணம் அந்தத் தேதிக்குப் பின் வருகிறது. ஆகவே மேலும் நீட்டிப்பு அறிவிக்கப்படும் வரை உங்கள் தாளிலும் விசாவுக்கு ஒரு வரியை வைத்திருங்கள். அந்த நிறுவனத்திடம், விலக்கு நீண்டால் 24,000 ரூபாயைத் திருப்பித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். மலேசிய எண்மவழி வருகை அட்டையை எப்படியும் நிரப்ப வேண்டும். அது இலவசம், சென்றிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டியது. இதற்கும் பணம் கேட்கும் இணையதளங்கள் இருக்கின்றன, ஏமாற வேண்டாம்.

கடவுச்சீட்டுகள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், பிள்ளைகளுக்கு 1,000. 60 வயதைக் கடந்தவர் புதிதாக எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. அப்பச்சியிடம் இன்னும் இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். காவல்துறைச் சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கலாம், அவசரத்தில் தத்கல் என்று போனால் 2,000 ரூபாய் கூடுதல்.

இனி அப்பச்சியின் பணத்தைப் பற்றி. வேறு வைத்த நாளிலிருந்தே, அதாவது மணமானவர்களைத் தனிக் குடித்தனம் வைத்த நாளிலிருந்தே, ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான இணைக்கும்) தனிக்கணக்கு என்று வளர்ந்தவர்கள் நாம். மகள் வீட்டுச் செலவில் போய்வந்தோம் என்ற எண்ணம் அவருக்கு உறுத்தலாக இருப்பதில் வியப்பில்லை. முழுவதையும் மறுக்காமல், கோவில் செலவை அவரிடம் விட்டுவிடுங்கள். அர்ச்சனை, இரதத்தின் முன் உடைக்கும் தேங்காய், காணிக்கை, உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பலகாரம் எல்லாம் அவர் பொறுப்பு என்று சொல்லுங்கள். இதற்கு வைப்பு நிதியை முடிக்க வேண்டிய தேவை இராது; முதிர்வுக்கு முன் முடித்தால் வட்டி குறையும் என்பதை உங்களைவிட அவரே நன்றாக அறிவார்.

ஜார்ஜ் டவுனில் வாழும் கண்டனூர்ப் பெண்

ஆச்சி, வாங்க, அவசியம் வாங்க. திருமணமாகி இங்கே பினாங்குக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பூசத்துக்கும் ஊரிலிருந்து வருகிறவர்களைப் பார்க்கிறேன். கணக்கர் அண்ணன் எழுதியதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். விடுதிச் செலவை முதலில் மாற்றச் சொல்கிறேன்.

பினாங்கு நான்கு இரவுகளுக்கு அறைக்கு 220 ரிங்கிட் என்பது சாதாரண வாரத்தில் நல்ல விடுதியே கிடைக்கிற தொகை. பூச வாரத்தில் அதே அறை அந்த விலைக்குக் கிடைப்பது கடினம். இங்கே தைப்பூசம் பொது விடுமுறை. மலேசியாவின் மற்ற ஊர்களிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மக்கள் வந்து நிறைகிறார்கள். ஆகவே பினாங்கு இரவுகளுக்கு 300 என்று போடுங்கள். இரண்டு அறைக்கு நான்கு இரவில் 640 ரிங்கிட் கூடும். அதை ஈடுகட்டக் கோலாலம்பூரில் சற்று எளிய அறை எடுக்கலாம். அங்கே நீங்கள் இரவு தூங்க மட்டுமே போகிறீர்கள்.

எந்த இடத்தில் அறை எடுப்பது என்பதுதான் உங்கள் பயணத்தில் பணத்தையும் அப்பச்சியின் காலையும் ஒருசேரக் காப்பாற்றும் முடிவு. பலர் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எண்ணி, முருகன் கோவில்கள் உள்ள தண்ணீர்மலை வழியில் தேடுகிறார்கள். ஆனால் வெள்ளி இரதம் பூசத்துக்கு முந்தைய நாள் காலையில் பினாங்கு வீதியில் உள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்படுகிறது; நாள் முழுவதும் ஊருக்குள் நின்று நின்று சென்று, பிறகுதான் அங்குள்ள நகரத்தார் கோவிலை, அதாவது நம் செட்டியார் சமூகத்தார் கோவிலை, அடைகிறது. அப்பச்சி பார்க்க விரும்புவது அந்தப் புறப்பாட்டை. பினாங்கு வீதியிலோ அடுத்த தெருவிலோ அறை எடுத்தால், அவர் விடுதி வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தே பார்க்கலாம். காளைகள் பூட்டிய இரதம் தெருமுனை திரும்பும்போது, இரு மருங்கிலும் கூடை கூடையாகத் தேங்காய் உடைபடும். ஓடு தெறிக்கும் என்பதால் பிள்ளைகளுக்குச் செருப்பைவிட மூடிய காலணி நல்லது. ஐயா இருந்த கிட்டங்கி வீதியும் அதுதான் என்பதால், அவருக்கு வேறெங்கும் அலைய வேண்டியதே இல்லை.

பூசத்தன்று கோவில் செல்லும் சாலைகளில் வண்டிகளை விடமாட்டார்கள். செயலியில் அழைத்த வண்டி தொலைவிலேயே இறக்கிவிடும், மீதியை நடக்க வேண்டும். 1857இல் எழுந்த நகரத்தார் கோவில் சமதரையில் இருக்கிறது, அப்பச்சி போய்வரலாம். அதைத் தாண்டி மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். அதை நீங்களும் பிள்ளைகளும் ஏறிவிட்டு வரும் வரை பெரியவர்கள் கீழே இருக்கட்டும். கோலாலம்பூரில் பத்துமலைக்கும் 272 படிகள் என்பதை நினைவில் வையுங்கள். அங்கே கீழே நின்று முருகன் சிலையைத் தரிசிக்கச் செலவு கிடையாது; கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் இரயில் பத்துமலை வாசலிலேயே கொண்டுவிடும், கட்டணமும் மிகக் குறைவு.

சாப்பாட்டுக்கு நாளுக்கு 180 தாராளம். தோசையும் தேநீருமாகக் காலை உணவு ஆளுக்கு 8 ரிங்கிட்டில் முடியும். வாழையிலைச் சோறு 12 முதல் 15 வரை. பூசத்தின்போது வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள் இருக்கும், சோறும் மோரும் இலவசமாகவே கிடைக்கும். அதில் மிச்சமாவதை வண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு பேர் சாதாரணக் காரில் ஏற முடியாது. ஒவ்வொரு முறையும் ஆறு இருக்கை வண்டி அழைக்க வேண்டும், அல்லது இரண்டு கார் அழைக்க வேண்டும். நாளுக்கு 100 என்பதை 130 ஆக்கினால் நிம்மதி. பினாங்கு மலை இரயிலுக்கு வெளிநாட்டவரில் பெரியவர்களுக்கு 30 ரிங்கிட்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானத்தில் வந்தால் விடியற்காலையில் இறங்குவீர்கள்; விடுதியில் அறை கிடைப்பது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. அந்த இடைவெளியில் பெரியவர்களை வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைப்பது பெரும் பாவம். ஓர் அறையை முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்யுங்கள், அல்லது சீக்கிரம் அறை தருவதற்கு எவ்வளவு என்று முன்பே எழுதிக் கேளுங்கள். அந்தச் செலவும் கணக்கில் இருக்க வேண்டும்.

பள்ளத்தூர் மகள், காரைக்குடி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விடுதி வாசலில் நாற்காலி என்று படித்துக் காட்டியதும், அப்பச்சி அந்தப் பத்தியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். கோவில் செலவு தன்னுடையது என்பதற்கும் இசைந்துவிட்டார்; வைப்பு நிதியைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது.

இன்னும் இரண்டு ஐயங்கள். 8,600 ரிங்கிட்டை, அல்லது நீங்கள் சொன்ன மாற்றங்களோடு ஏறத்தாழ 9,500 ரிங்கிட்டை, எந்த வடிவில் கொண்டு செல்வது? முழுவதும் நோட்டாகவா, அட்டையிலா? அடுத்து, ஆத்தா கழுத்திலும் கையிலும் அணிந்துள்ள நகைகளைக் கழற்றமாட்டேன் என்கிறார். அதனால் சுங்கத்தில் சிக்கல் வருமா?

செக்காலைச் சொக்கன்

வணக்கம் ஆச்சி. அந்நியச் செலாவணி மாற்றும் அலுவலகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

9,500 ரிங்கிட் முழுவதையும் நோட்டாக எடுத்துச் செல்ல வேண்டாம். முழுவதையும் அட்டையில் நம்பவும் வேண்டாம். விடுதியையும் இரயிலையும் இங்கிருந்தே இணையத்தில் கட்டிவிட்டால் கையில் வேண்டியது நான்காயிரம் ரிங்கிட் அளவுக்குச் சுருங்கிவிடும். அதில் பாதியை நோட்டாகவும், மறு பாதியை முன்பணம் ஏற்றிய பயண அட்டையிலும் வையுங்கள். பயண அட்டையில் ரிங்கிட்டாகவே ஏற்ற முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். டாலராக ஏற்றிக்கொண்டு அங்கே ரிங்கிட்டாகச் செலவழித்தால் இரண்டு முறை மாற்றுக் கூலி போகும்.

சாதாரணக் கடன் அட்டையில் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கிகள் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கின்றன. அந்தக் கூலியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. 3.5 சதவீத அட்டையில் 23,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு செலவைச் செய்தால் ஏறத்தாழ 950 ரூபாய் இப்படிப் போய்விடும். இதைத் தவிர, கடையில் அட்டையைத் தேய்க்கும்போது இயந்திரத்தில் ரூபாயா ரிங்கிட்டா என்று ஒரு கேள்வி வரும். நம் பணமாயிற்றே என்று ரூபாயை அழுத்துகிறவர்கள் பலர். அழுத்தினால் அந்த இயந்திரத்தின் வங்கி தன் இஷ்டத்துக்கு ஒரு மாற்று விலையைப் போடும், அது நமக்கு நஷ்டமாகவே இருக்கும். எப்போதும் ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள். உங்கள் கணவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நோட்டு வாங்குவதற்கு விமான நிலைய முகப்பை நம்ப வேண்டாம்; அங்கே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கடைகளில் ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். வாங்கும்போது பான் அட்டை, கடவுச்சீட்டு, பயணச் சீட்டு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கமாட்டார்கள். வங்கி வழியாகவே கட்ட வேண்டும். ஒருவர் ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாகக் கொண்டு செல்லலாம், உங்கள் தேவை அதைவிட மிகக் குறைவு. செலாவணி மாற்றத்துக்கு உரிய ஜிஎஸ்டி மொத்தத் தொகையின் மேல் விதிக்கப்படுவதில்லை: ஒரு லட்ச ரூபாய் வரை மாற்றினால் அதில் ஒரு சதவீதத்தை மதிப்பாகக் கொண்டு அதன்மேல் 18 சதவீதம். குறைந்தது 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். இதற்கு மேல் வரி என்று யாராவது கேட்டால் இரசீதில் எழுதச் சொல்லுங்கள். இந்திய ரூபாய் நோட்டை ஆளுக்கு 25,000 வரைதான் கையில் எடுத்துச் செல்லலாம். திரும்பி வந்து மீந்த ரிங்கிட்டை 180 நாளுக்குள் மாற்றிவிடுவது முறை. 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. நாணயங்களை இங்கே யாரும் வாங்கமாட்டார்கள், அவற்றை அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

நகைகளைப் பற்றி ஆத்தா கவலைப்பட வேண்டாம். புறப்படும் நாளில் திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டி, இவை இந்தியாவிலிருந்து எடுத்துச் செல்லப்படுபவை என்று ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அந்தச் சான்றைக் காட்டினால் வெளிநாட்டில் வாங்கியவையோ என்ற கேள்வி எழாது. நகைகளின் படமும் எடையும் கொண்ட மதிப்பீட்டுத் தாள் கையில் இருந்தால் வேலை விரைவாக முடியும். அதற்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஆனாலும், அவ்வளவு பெரிய கூட்டத்தில் கனமான நகை வேண்டாம் என்பதே என் கருத்து. தாலியும் இரண்டு வளையலும் போதாதா என்று ஆத்தாவிடம் நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

புதுவயல் மெய்யம்மை

எல்லோரும் சுயமாகப் போகும் பக்கமே பேசுவதால் மறு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களை அழைத்துச் செல்லும்போது தொகுப்புப் பயணத்தில் ஒரு நன்மை உண்டு: விமானம் தாமதமானாலும் அறை சரியில்லை என்றாலும் சண்டை போட வேறு ஒருவர் இருக்கிறார். அந்தப் பொறுப்பு ஆறு பேரில் உங்கள் இருவர் தலையில்தான் விழும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் பூசத்துக்கு என்று போகிறவர்களுக்குத் தொகுப்பு பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குழுவின் பேருந்து காலை எட்டு மணிக்குப் புறப்படும் என்றால் இரதம் வரும் வரை உங்கள் அப்பச்சி வீதியில் உட்கார்ந்திருக்க முடியாது.

தொகுப்பை எடுப்பதாக இருந்தால், அந்த 78,000 ரூபாயில் ஜிஎஸ்டியும் டிசிஎஸ்ஸும் (விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) அடங்கியிருக்கின்றனவா என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தொகுப்புச் சுற்றுலாவை விற்பவர் டிசிஎஸ் பிடிப்பது சட்டப்படி கட்டாயம். அதன் விகிதம் பட்ஜெட்டில் மாறுவதால் பணம் கட்டும் நாளில் உள்ளதைப் பாருங்கள். பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆகவே வரி கட்டுகிறவரின் பான் எண்ணைக் கொடுப்பது முக்கியம். விமானத்தையும் விடுதியையும் நீங்களே தனித்தனியாக எடுத்தால் இந்தப் பிடித்தம் இராது.

பள்ளத்தூர் மகள், காரைக்குடி

அனைவரின் கருத்துகளையும் சேர்த்து நேற்றிரவு கணக்கைத் திருத்தி எழுதினோம். பினாங்கு அறைகளுக்கு 640, வண்டிக்கு 240, முதல் நாள் சீக்கிரம் அறை எடுக்க 220 என்று 1,100 ரிங்கிட் கூடிற்று. கோலாலம்பூர் அறைகளை 180க்குக் குறைத்ததில் மூன்று இரவுக்கு 240 மிச்சம். ஆக 8,600 என்பது 9,460 ஆயிற்று, ரூபாயில் 2,27,040. ரூபாய்ப் பக்கம் 1,50,000 சேர்த்து மொத்தம் 3,77,040. கோவில், உறவினர் செலவில் 400 ரிங்கிட்டை அப்பச்சி ஏற்றுக்கொண்டதால் எங்கள் பங்கு 3,67,440க்கு வந்திருக்கிறது. மீதம் 32,560 ரூபாயை, சொன்னபடி, மருத்துவத்துக்கென்று வங்கியிலேயே விட்டு வைக்கிறோம். விசா விலக்கு நீளாமல் போனால் மட்டும் அதிலிருந்து எடுப்போம், எடுத்ததை என் கணவரின் ஊக்கத்தொகை வந்ததும் நிரப்பிவிடுவோம்.

தொகுப்பு வேண்டாம் என்று நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டோம். மெய்யம்மை ஆச்சி சொன்ன பொறுப்பை நானும் என் கணவரும் பிரித்துக்கொண்டோம்: பயணமும் பணமும் அவர் பக்கம், பெரியவர்களும் மருந்தும் என் பக்கம். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் எடுத்துச் செல்கிறோம். அப்பச்சியின் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பமும் போட்டாகிவிட்டது.

கண்டனூர் ஆச்சிக்கு ஒரே ஒரு கேள்வி. பட்டர்வொர்த்தில் இரயிலை விட்டு இறங்கியதும் பெட்டிகளோடும் பெரியவர்களோடும் படகில் கடக்கலாமா, அல்லது பாலம் வழியாக வண்டியிலேயே வருவது நல்லதா?

ஜார்ஜ் டவுனில் வாழும் கண்டனூர்ப் பெண்

படகிலேயே வாருங்கள், ஆச்சி. இரயில் நிலையத்திலிருந்து படகுத் துறைக்கு மேல்நடைபாதை இருக்கிறது, மின்தூக்கியும் உண்டு. கடப்பதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது, கட்டணம் ஓரிரு ரிங்கிட்தான். ஐயா காலத்தில் பாலமே இல்லை, அது 1985இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் நீர்வழியாகவே தீவுக்கு வந்தார்கள் என்று அப்பச்சியிடம் சொல்லுங்கள். துறையிலிருந்து பினாங்கு வீதி மிக அருகில்தான். ஆனால் பெட்டிகளோடு நடக்க வேண்டாம், அந்தச் சிறு தூரத்துக்கும் வண்டி எடுத்துவிடுங்கள். இரயில் சீட்டு விற்பனை திறந்த அன்றே பதிவு செய்துகொள்ளுங்கள், பூச வாரத்தில் நான்கு இருக்கை சேர்ந்து கிடைப்பதே அரிது.